பாக்கி கேட்பது முதல் கோப்பில் போடுவது வரை: தொழில் கடிதம் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்ன யூனிட்டின் அலுவலக வேலை என்னுடையது. பில் போடுவது, பேங்குக்குப் போவது, பாக்கி கேட்டு போன் செய்வது, போனில் காரியம் ஆகாதபோது கடிதம் எழுதுவது, எல்லாம் நான்தான்.

ஒருமுறை ஒரு பனியன் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அறையில் செக்குக்காகக் காத்திருந்தேன். அங்கிருந்த அம்மா அன்றைய தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கவரைக் கிழிப்பார், காகிதத்தை விரிப்பார், பொருள் வரியைப் பார்ப்பார், அப்புறம் ஏதாவது ஒரு எண்ணைத் தேடுவார். பில் எண் கண்ணில் பட்டால் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வலது பக்கத் தட்டில் வைப்பார். படாவிட்டால் இடது பக்கத் தட்டு. ஒரு மணி நேரத்தில் வலது தட்டில் இருந்தவற்றை எடுத்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இடது தட்டின் அடியில் கிடந்த காகிதங்கள் ஓரம் பழுத்துப்போயிருந்தன. அதில் எங்கள் கடிதமும் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் அந்த வலது தட்டுக்காகத்தான். நம் முகம் தெரியாத, நடந்த பேச்சு எதுவும் தெரியாத ஒருவர், அரை நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலையைச் செய்யும்படி கடிதம் இருக்க வேண்டும். பாக்கி கேட்கும் கடிதத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதைச் சரியாக எழுதத் தெரிந்தால் மற்றவை எல்லாம் அதே எலும்புக்கூட்டில் நிற்கும்.

முதல் படி: எழுதும் முன் மேசையில் என்ன இருக்க வேண்டும்

கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். முதலில் நான்கு காகிதங்களை எடுங்கள்: பார்ட்டி கொடுத்த கொள்முதல் ஆணை (பி.ஓ.), அவர்கள் ஸ்டோர்ஸ் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான் (டி.சி.), நாம் போட்ட பில், நம் லெட்ஜரில் அந்தப் பார்ட்டியின் பக்கம். நான்கிலும் எண், தேதி, தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் கடிதம் எழுதாதீர்கள், முதலில் கணக்கை நேர் செய்யுங்கள். ஐந்நூறு ரூபாய் தப்பாக எழுதிய கடிதத்துக்கு வரும் பதில் அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றி மட்டுமே இருக்கும். மீதித் தொகையைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இதைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள்? “ரூ.1,34,500-ஐ 29-ஆம் தேதிக்குள் கணக்கில் போட வேண்டும்.” இந்த வரி உங்களுக்கே வரவில்லை என்றால் அது இன்னும் கடிதமாகவில்லை, புலம்பல். பாக்கியும் கேட்டு, அடுத்த ஆர்டரும் கேட்டு, போன மாசம் லாரி நின்ற வாடகையையும் கேட்டால் மூன்றில் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் வரும். மூன்று விஷயம் என்றால் மூன்று கடிதம்.

இரண்டாம் படி: யாருக்கு

“மேலாளர் அவர்கள்” என்று எழுதினால் எந்த மேலாளர் என்று ரிசப்ஷனில் இருப்பவர்தான் முடிவு செய்வார். போன் போட்டு “அக்கவுண்ட்ஸ்ல பேமென்ட் பாக்குறது யாருங்க, பேர் சொல்லுங்க” என்று கேட்டால் யாரும் மறைப்பதில்லை. பெயர், பதவி, நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, ஆறு இலக்கப் பின்கோடு எல்லாம் வேண்டும். ஒரே பெயரின் கீழ் மூன்று நான்கு நிறுவனம் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறைய. பில்லில் உள்ள பெயர் எதுவோ, அந்த எழுத்து மாறாமல் கடிதத்திலும் இருக்கட்டும்.

பெயர் தெரிந்த ஆணுக்கு ‘திரு. … அவர்கள்’, பெண்ணுக்கு ‘திருமதி’ அல்லது ‘செல்வி’. எதுவென்று தெரியாவிட்டால் பெயரையும் பதவியையும் மட்டும் போட்டு ‘அவர்கள்’ சேர்த்தால் மரியாதை குறையாது. விளிக்கும்போது ‘ஐயா’ அல்லது ‘அம்மையீர்’. தெரியாதபோது ‘ஐயா / அம்மையீர்’. பழைய கடிதத்தைத் திருத்தி எழுதும்போது பெண் மேலாளருக்கு ‘ஐயா’ என்று நின்றுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. வாங்குபவர் வெளியே சொல்ல மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார்.

மூன்றாம் படி: காகிதமும் அமைப்பும்

ஏ4 காகிதம், 210க்கு 297 மில்லிமீட்டர். மூன்றாக மடித்தால் 110க்கு 220 மில்லிமீட்டர் நீளக் கவரில் சரியாக உட்காரும். இடது ஓரத்தில் மட்டும் ஒன்றரை அங்குலம் விடுங்கள். பஞ்ச் செய்து கோப்பில் போடும்போது முதல் எழுத்து ஓட்டையில் போய்விடக் கூடாது. மற்ற பக்கங்களுக்கு ஒரு அங்குலம் போதும். தமிழ் எழுத்து 12 புள்ளி அளவில் இருந்தால் வயதானவரும் கண்ணாடி தேடாமல் படிப்பார். வரிகளுக்கு இடையே கொஞ்சம் இடம் வேண்டும். மேலே கொம்பும் கீழே சுழியும் உள்ள எழுத்து நம்முடையது, ஒட்டினால் ‘கு’வும் ‘கூ’வும் ஒன்றாகத் தெரியும்.

லெட்டர்பேடில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் (தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும்), இருந்தால் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எண். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் சும்மா விட முடியாது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 12-ஆம் பிரிவுப்படி வணிகக் கடிதங்களில் நிறுவனத்தின் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 எழுத்து-எண் கொண்ட சி.ஐ.என். (நிறுவன அடையாள எண்), தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். தனி உரிமையாளருக்கும் கூட்டாளி நிறுவனத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

லெட்டர்பேடு இருந்தால் ‘அனுப்புநர்’ பகுதி தேவையில்லை, தலைப்பே அதுதான். வெள்ளைத் தாளில் எழுதினால் மட்டும் இடது பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர். இரண்டிலும் ‘நர்’தான், ‘னர்’ அல்ல. அரசு அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் இந்த எழுத்துப் பிழையைப் பார்த்ததுமே ஒரு புருவம் உயரும்.

வரிசை இப்படி: கடித எண்ணும் நாளும், பெறுநர், விளி, பொருள், பார்வை, உள்ளடக்கம், முடிப்பு, கையெழுத்து, இணைப்பு, நகல். தமிழ் அலுவலகக் கடிதத்தில் ‘ஐயா’வுக்குப் பிறகுதான் ‘பொருள்’ வரும். பார்வைக்குக் கீழே நடுவில் நான்கைந்து நட்சத்திரக் குறி போடும் வழக்கமும் உண்டு. போடாவிட்டால் ஒன்றும் குறையாது, எனக்குப் பிடிக்கும் என்பதால் போடுகிறேன்.

நாளை 18.08.2025 என்று எழுதுவது உள்ளூருக்குப் போதும். வெளிநாட்டு பையருக்கு எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03.04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. கப்பல் தேதியில் இப்படி ஒரு மாதம் நழுவினால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நான்காம் படி: பொருளும் பார்வையும்

கடிதத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் பொருள் வரி. “பாக்கித் தொகை தொடர்பாக” என்று எழுதினால் அது இடது தட்டு. “தொடர்பாக” என்ற சொல் வந்தாலே எழுதியவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். பில் எண், தொகை, தேதி, வேண்டுகோள் நான்கும் அந்த ஒரே வரிக்குள் வந்துவிட வேண்டும். அந்த வரியை மட்டும் படித்துவிட்டு ஒருவர் பணம் போட முடிய வேண்டும்.

‘பார்வை’ என்பது இதற்கு முன் நடந்த எழுத்துப் போக்குவரத்தின் பட்டியல். பி.ஓ. எண், முந்தைய மின்னஞ்சல், அவர்கள் எழுதிய கடிதம், ஒவ்வொன்றும் நாளோடு. போனில் பேசியதையும் இங்கே போடலாம்: “தங்களுடன் 11.08.2025 அன்று தொலைபேசியில் பேசியது.” அவர்கள் மறுக்காவிட்டால் அந்தப் பேச்சும் எழுத்தில் ஏறிவிடும்.

ஐந்தாம் படி: உள்ளே என்ன எழுதுவது

முதலில் எப்படி எழுதக் கூடாது என்று பார்ப்போம். நானே எழுதிய பழைய கடிதம் ஒன்றின் தொடக்கம்:

“வணக்கம். தாங்களும் தங்கள் நிறுவனமும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறோம். நாங்கள் கடந்த பல ஆண்டுகளாகத் தங்கள் நிறுவனத்துடன் நல்ல முறையில் வியாபாரம் செய்து வருவது தாங்கள் அறிந்ததே. தற்போது சந்தை நிலவரம் சரியில்லாததாலும், பேப்பர் விலை உயர்வினாலும், கூலி உயர்வினாலும் நாங்கள் மிகவும் சிரமப்பட்டு வருகிறோம். எனவே தங்களிடமிருந்து வரவேண்டிய தொகையை விரைவில் அனுப்பி வைத்தால் பெரும் உதவியாக இருக்கும்.”

நாலு வாக்கியம் படித்தாகிவிட்டது. எவ்வளவு, எந்த பில், எப்போது? ஒன்றும் இல்லை. அதைவிட மோசம், நமக்கு வரவேண்டிய பணத்தை உதவி என்று எழுதியிருக்கிறேன். கொடுத்த சரக்குக்கு விலை கேட்பதில் உதவி எங்கே வந்தது? ‘விரைவில்’ என்பது தேதி ஆகாது. பேப்பர் விலை அவர்கள் பிரச்சினையும் அல்ல.

இப்போது நான் எழுதும் விதம். எண்களும் தேதிகளும் உதாரணத்துக்காக:

கடித எண்: 47/2025-26
நாள்: 18.08.2025

பெறுநர்
திருமதி ……… அவர்கள்,
கணக்கு மேலாளர்,
(நிறுவனத்தின் பெயர், முழு முகவரி, பின்கோடு)

அம்மையீர்,

பொருள்: பில் எண் 214, 231 – நிலுவை ரூ.1,34,500 – 29.08.2025-க்குள் செலுத்தக் கோருதல்.

பார்வை: 1. தங்கள் கொள்முதல் ஆணை எண் 1093, நாள் 02.06.2025.
2. எங்கள் மின்னஞ்சல், நாள் 05.08.2025.

*****

பார்வை 1-இல் கண்ட ஆணைப்படி நாங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டிகளுக்கு ரூ.1,34,500 நிலுவையில் உள்ளது. இத்தொகையை 29.08.2025 வெள்ளிக்கிழமைக்குள் கீழ்க்கண்ட எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பில் எண் 214, நாள் 12.06.2025, டி.சி. எண் 311: ரூ.96,400
பில் எண் 231, நாள் 27.06.2025, டி.சி. எண் 329: ரூ.88,100
மொத்தம்: ரூ.1,84,500
தாங்கள் 01.08.2025 அன்று செலுத்தியது: ரூ.50,000
நிலுவை: ரூ.1,34,500 (ஒரு லட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் மட்டும்)

இரண்டு டி.சி.களிலும் தங்கள் ஸ்டோர்ஸ் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் சீலும் உள்ளன. பொருளைப் பற்றிய குறை எதுவும் எழுத்தில் எங்களுக்கு வரவில்லை. ஆணையில் குறித்த 45 நாள் தவணை இரண்டு பில்களுக்கும் முடிந்துவிட்டது.

கணக்கில் வேறுபாடு இருந்தால் எந்த பில்லில் எவ்வளவு என்று 23.08.2025-க்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

வங்கி விவரம்: (கணக்கின் பெயர், எண், கிளை, ஐ.எஃப்.எஸ்.சி.)

தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து, பெயர், பதவி, சீல்)

இணைப்பு: பில் நகல் 2, டி.சி. நகல் 2, கணக்கு விவரம் 1.
நகல்: கொள்முதல் மேலாளர்.

ஒரு பக்கம்தான். கேட்க வேண்டியது முதல் பத்தியிலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு. அவர்கள் கொடுத்த ஐம்பதாயிரத்தை மறைக்காமல் தேதியோடு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அது நியாயத்துக்காக மட்டும் இல்லை. பில்லைப் பற்றிச் சண்டை வந்தால், பகுதிப் பணம் கொடுத்தவர் பில்லை அப்போது ஏற்றுக்கொண்டார் என்று வாதாட அந்த வரி உதவும்.

வங்கி விவரத்தைக் கடைசியில் கட்டாயம் போடுங்கள். “உங்க அக்கவுண்ட் நம்பர் இல்லைங்க, அதான் லேட்டு” என்ற சாக்கை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எண்ணவில்லை.

தொகையை எண்ணில் எழுதி, எழுத்திலும் எழுதுங்கள். லட்சக் கணக்கில் காற்புள்ளி நம் முறைப்படி வரட்டும்: 1,34,500. ஐந்நூறுக்கு இரண்டு ‘ந’. ‘எதிர்பார்க்கிறோம்’ என்பதில் ‘ர்’ருக்கும் ‘பா’வுக்கும் நடுவே இன்னொரு ‘ப்’ கிடையாது. ‘தொகையை செலுத்த’ அல்ல, ‘தொகையைச் செலுத்த’. இதெல்லாம் தமிழாசிரியர் வேலை என்று தோன்றும். பிழையில்லாத கடிதம் எழுதுகிறவர் கணக்கிலும் பிழை விட மாட்டார் என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்கிறார், அந்த லாபம் நமக்கு.

ஆறாம் படி: எதை எழுதக் கூடாது

சில வருடங்களுக்கு முன் ஒரு பார்ட்டி நான்கு மாதமாக இழுத்தடித்தார்கள். கோபத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். அதில் நடுவே ஒரு வரி: “பெட்டிகளில் சிறு குறை இருந்திருந்தாலும் அதற்காக மொத்தத் தொகையையும் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?” பேச்சு வேகத்தில் வந்த வரி அது. பெட்டியில் குறை என்று அதுவரை யாரும் சொல்லவே இல்லை. பத்து நாளில் பதில் வந்தது. நான் எழுதிய இரண்டு பக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் மேற்கோள் காட்டி, “தாங்களே ஒப்புக்கொண்ட குறைக்காக” எட்டாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருந்தார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலை மடித்து என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் ‘இருந்தாலும்’, ‘ஒருவேளை’, ‘எங்கள் பக்கமும் தாமதம் இருக்கலாம்’ போன்றவை வந்தால் ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். உண்மையிலேயே நம் தவறு என்றால் எவ்வளவு தவறு என்று எண்ணிக்கையோடு எழுதிவிடுங்கள்: “டி.சி. எண் 329-இல் 40 பெட்டிகள் நனைந்திருந்தன, அவற்றின் தொகை கழிக்கப்பட்டுள்ளது.” எண் போட்டால் அதற்கு மேல் வளராது.

கிண்டல், சாபம், ‘உங்களைப் போன்ற பெரிய மனிதர்கள்’ எதுவும் வேண்டாம். கோபத்தில் எழுதியதை அன்றைக்கே அனுப்பாமல் மறுநாள் காலை டீக்கு முன்னால் ஒருமுறை படிப்பேன். பாதி வாக்கியங்கள் தானாகவே போய்விடும்.

ஏழாம் படி: சட்டம் பேசும் இடம்

உங்கள் யூனிட் குறு அல்லது சிறு தொழிலாக உத்யம் பதிவு பெற்றிருந்தால் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் தவணை வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். பொருள் வந்து 15 நாளுக்குள் குறை என்று எழுத்தில் சொல்லவில்லை என்றால், பொருள் வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் வட்டிக்கு வட்டியாக ஏறும். கொடுக்காவிட்டால் இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்க அதே சட்டப்படி அமைந்த பெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடைக்காது, தயாரிப்பவர்களுக்கும் சேவை செய்பவர்களுக்கும்தான். பதிவும் சரக்கு கொடுக்கும் முன்பே இருக்கட்டும்.

இதைவிட வேகமாக வேலை செய்வது வருமான வரி விதி. குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்க முடியும் என்று 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் பார்ட்டியின் ஆடிட்டரே “உத்யம் வெண்டருக்கு என்ன பாக்கி” என்று கேட்பார். லெட்டர்பேடில் உத்யம் எண் அச்சிடச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டத்தை இழுக்காதீர்கள். நாளைக்கும் அதே பார்ட்டிக்குப் பெட்டி கொடுக்க வேண்டும். மேலே கொடுத்த மாதிரியில் ‘45 நாள் தவணை முடிந்துவிட்டது’ என்று மட்டும் இருக்கிறது. புரிய வேண்டியவருக்கு அது போதும்.

எட்டாம் படி: எந்த மொழி, எந்த எழுத்துரு

உள்ளூர் மில்லுக்கும், சாயப்பட்டறைக்கும், நகராட்சிக்கும், மின்வாரியத்துக்கும் தமிழில் எழுதுங்கள். படிப்பவருக்கும் சுலபம், எழுதும் நமக்கும் தப்பு வராது. வெளிமாநில ஹெட் ஆபீஸ் முடிவு செய்யும் கம்பெனிக்கு ஆங்கிலம். இரண்டும் கலந்து பாதித் தமிழ், பாதி ஆங்கிலம் வேண்டாம். ஆனால் பில், டி.சி., செக் போன்ற சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே விடலாம், ‘காசோலை’ என்று எழுதினாலும் சரி. ஒரே கடிதத்தில் ஒன்றையே இரண்டு பெயரில் எழுதாமல் இருந்தால் போதும்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை எதிர்ப்பக்கம் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். எதில் அடித்தாலும் பி.டி.எஃப். ஆக்கித்தான் அனுப்ப வேண்டும். தொகையை யாரும் சுலபமாகத் திருத்தவும் முடியாது.

அனுப்பும் முன் கடைசியாகப் பார்க்க வேண்டியது பெறுநர் பெயர். பழைய கடிதத்தை நகலெடுத்துத் திருத்தும்போது நான் ஒருமுறை ஒரு பார்ட்டியின் பெயரை மேலே மாற்றிவிட்டு, நடுவில் இன்னொரு பார்ட்டியின் பெயரை விட்டுவிட்டேன். ஒருவர் பாக்கி அடுத்தவருக்குத் தெரிந்துபோனது. இரண்டு பேரிடமும் திட்டு.

ஒன்பதாம் படி: அனுப்புவதும் சான்று வாங்குவதும்

உள்ளூர் என்றால் ஆள் மூலம் கொடுப்பதுதான் சிறந்தது. இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் அவர்கள் இன்வார்டு சீலும் (கடிதம் வந்து சேர்ந்ததற்கான முத்திரை) தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போடத் தயங்கினால் சண்டை போடாதீர்கள், அன்றைக்கே தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள், அதனால் இனி ஸ்பீடு போஸ்டுதான். சேர்த்ததற்கான சான்றும் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு, அதற்கான கட்டணத்தையும் கட்டுங்கள். ரசீதில் உள்ள எண்ணை நகலின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ரசீதின் மை சில மாதத்தில் மங்கிவிடும், எடுத்தவுடன் போட்டோ பிடித்துக்கொள்வது நல்லது.

மின்னஞ்சலிலும் அதே பி.டி.எஃப். போகட்டும். மின்னஞ்சலின் தலைப்பில் கடிதத்தின் பொருள் வரியையே போடுங்கள். வாட்ஸ்அப்பில் “மேடம், இன்னைக்கு ஒரு லெட்டர் மெயில் பண்ணிருக்கேன், பாருங்க” என்று ஒரு வரி அனுப்பினால் போதும். வாட்ஸ்அப்பையே கடிதமாக வைத்துக்கொள்ள வேண்டாம். போன் மாறினால் போய்விடும். கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மற்ற கடிதங்கள்

கொட்டேஷனில் மறக்கக் கூடாதவை: விலை எத்தனை நாள் செல்லும், ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, லாரி வாடகை யார் தலையில், எத்தனை நாளில் டெலிவரி. குறை சொல்லும் கடிதத்தில் என்ன குறை, எத்தனை எண்ணிக்கை, போட்டோ, நமக்கு என்ன வேண்டும் (மாற்றுச் சரக்கா, பணமா). அதைச் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுதிவிட வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். வங்கிக்கு எழுதும்போது கணக்கு எண்ணைப் பொருள் வரியிலேயே போட்டு, கணக்கில் உள்ள அதே கையெழுத்தைப் போட்டால் முடிந்தது.

சின்ன யூனிட்டுகள் எழுதாமலே விடுவது பாக்கி உறுதிக் கடிதம். ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 கணக்குப்படி “தங்கள் கணக்கில் எங்களுக்கு வரவேண்டியது ரூ.… என்று எங்கள் புத்தகத்தில் உள்ளது. சரி என்றால் கீழே கையெழுத்திட்டு அனுப்பவும்” என்று இரண்டு பிரதி அனுப்பி, ஒன்றைத் திரும்ப வாங்க வேண்டும். ஆடிட்டருக்காக என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தின் மதிப்பு ஆடிட்டோடு நிற்பதில்லை. காலவரம்புச் சட்டம் 1963-இன்படி விற்ற சரக்கின் பணத்துக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்த மூன்று வருடம் முடிவதற்குள் கடன் இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். முடிந்த பிறகு வாங்கினால் அந்தப் பலன் இல்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்தால் எனக்கு வேறு வேலையே ஓடாது, இந்தக் கடிதங்கள்தான்.

29-ஆம் தேதி தாண்டிவிட்டால்

இரண்டாவது கடிதம் முதல் கடிதத்தைவிடச் சின்னதாக இருக்கட்டும். பார்வையில் முதல் கடிதத்தின் எண்ணும் சேர்ந்த நாளும். உள்ளே நிலுவை, புதிய தேதி (ஏழு நாள் போதும்), அப்புறம் இந்த முறை மட்டும் 2006 சட்டத்தின் வட்டி பற்றி ஒரு வாக்கியம். பெறுநர் மாறுவார். கணக்கு மேலாளருக்கு நகல் மட்டும், கடிதம் உரிமையாளர் அல்லது இயக்குநர் பெயருக்கு. எங்கள் அனுபவத்தில் நிறைய பணம் இந்த இடத்தில் வந்துவிடுகிறது. முதலாளிக்கு அதுவரை விஷயமே தெரியாது என்பதுதான் பல சமயம் காரணம்.

அதற்கும் வராவிட்டால் மூன்றாவதை நான் எழுதுவதில்லை, வக்கீல் எழுதுவார். செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் இரண்டாவது கடிதத்துக்கெல்லாம் காத்திருக்க நேரமில்லை. பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போயாக வேண்டும். எதுவானாலும் வக்கீலிடம் போகும்போது பி.ஓ., கையெழுத்துள்ள டி.சி., பில், இன்வார்டு சீல் உள்ள கடித நகல், தபால் ரசீது, லெட்ஜர் பக்கம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்கி எடுத்துப் போங்கள். எங்கள் வக்கீல் முதலில் கேட்பது டி.சி.யைத்தான். நான் அதை மேலே வைத்துவிடுவேன்.